கோதுமையின் கடைசி மூன்று இலைகள்

பயிரில் நோய் என்றதும் எந்த ஊர் விவசாயியும் மருந்துக் கடைக்காரரிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எது நல்ல மருந்து?" டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், இதற்குப் பதில் கொஞ்சம் சுற்றித்தான் வரும். அந்தக் கேள்வி வரிசையில் நாலாவதாக நிற்க வேண்டியது. எந்த ரகம், எப்போது விதைத்தது, எந்த இலையைக் காக்கப் போகிறோம் என்ற மூன்றும் அதற்கு முன்னால் நிற்கின்றன. இதை விளங்கிக்கொள்ள இங்கிலாந்தின் குளிர்காலக் கோதுமை வயலை விட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. பூஞ்சைக்கும் பூஞ்சாணக்கொல்லிக்கும் நடக்கிற இழுபறி அந்த அளவுக்கு வருடாவருடம் அளந்து எழுதப்பட்ட வயல்கள் குறைவு.

நம் நாட்டில் பஞ்சாபிலும் மத்தியப் பிரதேசத்திலும் கோதுமை ஐந்து மாதப் பயிர். நவம்பரில் விதை, ஏப்ரலில் அறுவடை. இங்கிலாந்தில் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ விதைத்தால் அறுவடைக்கு ஆகஸ்ட் வர வேண்டும். அந்த ரகங்கள் இளம்பயிராகச் சில வாரங்கள் குளிரில் கிடந்தால்தான் பிறகு கதிர் விடும். ஆக, பத்து மாதம் வயலில் நிற்கிறது. அதில் பெரும்பகுதி ஈரமும் குளிரும். விளைச்சலும் அதற்கேற்ப அதிகம். ஹெக்டேருக்கு 8 டன்னை ஒட்டி எடுக்கிறார்கள்; இந்தியச் சராசரி 3.5 டன் அளவில் இருக்கிறது. பத்து மாதம் ஈரத்தில் நிற்கும் அடர்ந்த பச்சை, பூஞ்சைக்கு வைத்த விருந்துதான்.

விருந்துக்கு முதலில் வருவது செப்டோரியா இலைக்கருகல். போன வருடத்துத் தாளில் தங்கியிருக்கும் பூஞ்சையின் வித்துகள் இலையுதிர் காலத்துக் காற்றில் பறந்து வந்து இளம்பயிரின் அடி இலைகளில் இறங்கும். பிறகு அதற்குக் காற்று வேண்டாம், மழை போதும். அடி இலையில் விழும் துளி தெறித்து வித்துகளை மேல் இலைக்கு ஏற்றுகிறது. வித்து முளைத்து இலைத்துளை வழியாக உள்ளே போகும். போனபின் வெளியே ஒன்றும் தெரியாது. மே, ஜூன் மாதத்து இதமான வெப்பத்தில் இரண்டு மூன்று வாரம், குளிர்காலத்தில் அதைவிட நெடுநாள், இலை பச்சையாகவே இருக்கும். பிறகு ஒருநாள் பழுப்புத் திட்டு விழுந்து, அதன் மேல் மிளகுத்தூள் தூவினாற்போலக் கருப்புப் புள்ளிகள் தோன்றும். ஒவ்வொரு புள்ளியும் அடுத்த மழைக்குக் காத்திருக்கும் வித்துப்பை.

இந்த மறைவுக் காலத்தை மனதில் இருத்திக்கொள்ளுங்கள்; மருந்துத் தேர்வில் பாதி இதிலேயே அடங்கிவிடுகிறது. புள்ளியைக் கண்ணால் பார்த்துவிட்டு டேங்கில் மருந்து கலப்பவர் இரண்டு மூன்று வாரம் பிந்திவிட்டார். உள்ளே நுழைந்த பூஞ்சையைத் துரத்திப் பிடிக்கும் மருந்துகளும் உண்டு, ஆனால் நுழைந்து சில நாட்களே ஆனதைத்தான் அவை பிடிக்கும். அதற்கு மேல் ஆனால் எந்த விலைமருந்தும் செத்த பச்சையத்தைத் திருப்பித் தராது.

இதற்கிடையில் ஒரு சின்னக் கிளைக்கதை. லண்டனுக்கு வடக்கே ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் பிராட்பாக் என்றொரு வயல் இருக்கிறது. 1843 முதல் அங்கே கோதுமைச் சோதனை நடக்கிறது; ஒவ்வொரு அறுவடையிலும் வைக்கோலும் தானியமும் எடுத்துப் பத்திரப்படுத்தி வந்திருக்கிறார்கள். அந்த வைக்கோலிலிருந்து பூஞ்சைகளின் டி.என்.ஏ.வைப் பிரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2005-ல் வெளியானது. செப்டோரியாவுக்கும் அதன் பழைய போட்டியாளரான இன்னொரு இலைப்பூஞ்சைக்கும் இடையிலான விகிதம், பிரிட்டனின் கந்தக டை ஆக்ஸைடு புகையின் ஏற்ற இறக்கத்தோடு ஒத்துப்போனது. நிலக்கரிப் புகை மண்டியிருந்த காலத்தில் ஓங்கியிருந்தது மற்ற பூஞ்சை. புகை குறைந்து காற்று தெளிந்தபோது செப்டோரியா மேலேறியது. காற்றைச் சுத்தம் செய்ததற்கு இப்படியும் ஒரு பலன்!

இப்போது இலைகளுக்கு வருவோம். கோதுமைத் தண்டு அடுக்கடுக்காக இலை விடும். ஆனால் கதிருக்கு மாவுச்சத்தை ஊட்டுவது பெரும்பாலும் கடைசி மூன்று இலைகளும் கதிருமே. நெல்லில் கண்ணாடி இலை என்போமே, அந்தக் கடைசி இலை மட்டுமே விளைச்சலில் 40 விழுக்காட்டை ஒட்டிக் கொடுக்கிறது. அதற்குக் கீழுள்ளது அதில் பாதி போல. மூன்றாவது இலையின் நேரடிப் பங்கு சிறியது. ஆனாலும் அது நோயுற்றால் மேல் இரண்டுக்கும் மழைத்துளி ஏறும் படிக்கட்டு அதுவாகிவிடும்.

பூஞ்சாணக்கொல்லிகளில் பலவற்றை "ஊடுருவி" என்று சொல்லி விற்பார்கள். கேட்பவர் மருந்து பயிர் முழுக்க ஓடும் என்று நினைத்துக்கொள்வார். அப்படியில்லை. கோதுமைக்கு அடிக்கும் மருந்துகள் விழுந்த இலைக்குள் நுழைந்து, நீரோட்டத்தோடு அந்த இலையின் நுனியை நோக்கி நகரும், அவ்வளவுதான். கீழே இறங்காது. இன்னும் வெளிவராத இலைக்குப் போகாது. எனவே இலை வெளியே வந்து விரிந்த பிறகு, ஆனால் பூஞ்சை குடியேறுவதற்கு முன்பு மருந்து அதன் மேல் விழ வேண்டும். ஒவ்வொரு இலைக்கும் அந்த இடைவெளி ஒரு வாரம், பத்து நாள்தான்.

ஆங்கிலேய விவசாயிகள் இந்த இடைவெளிகளுக்கு டி1, டி2 என்று எண் வைத்திருக்கிறார்கள். டி1 ஏப்ரல் கடைசி அல்லது மே தொடக்கம். மூன்றாவது இலை முழுக்க வெளிவந்திருக்கும். டி2 மே நடுவிலோ கடைசியிலோ. கண்ணாடி இலை விரிந்திருக்கும். காலண்டரைப் பார்த்து அடிப்பவர்களும் இருக்கிறார்கள். கவனமானவர்கள் வயலில் இறங்கி நாலைந்து தண்டைப் பிடுங்கி, நகத்தால் கீறி, உள்ளே சுருண்டிருக்கும் இலைகளை ஒவ்வொன்றாக விரித்து எண்ணுவார்கள். இந்தப் பருவங்களுக்கு எண் கொடுத்தவர் நெதர்லாந்துக்காரரான சாடொக்ஸ். அவரும் கூட்டாளிகளும் 1974-ல் வெளியிட்ட அளவுகோலில் 32 என்றால் இரண்டாவது கணு தெரிகிற பருவம், 39 என்றால் கண்ணாடி இலை முழுக்க வந்த பருவம். டி1, டி2 இரண்டும் அந்த இரு எண்களே. இதற்கு முன்னால் மார்ச் கடைசியில் டி0 என்று ஒரு தெளிப்பு உண்டு. துரு நோய் கண்ணில் பட்டால் ஒழிய அது பழக்கத்துக்கு அடிக்கும் மருந்து என்பது என் கணிப்பு.

சரி, கடைக்குப் போவோம். அலமாரியில் ஐம்பது பெயர் இருக்கும், ஆனால் குடும்பங்கள் சிலவே. நம் பக்கத்து நெல் விவசாயிக்கும் பழகிய முகங்கள்தான்: டெபுகோனசோல், அசாக்சிஸ்ட்ரோபின் இரண்டும் தஞ்சாவூர்க் கடையிலும் இருக்கின்றன. பெயரைவிடக் குடும்பத்தைப் பார்ப்பது முக்கியம். அது பூஞ்சையை எங்கே அடிக்கிறது என்பதைச் சொல்லும்.

ஸ்ட்ரோபிலூரின்களிலிருந்து தொடங்கினால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். பைன் மரக்காயில் முளைக்கும் ஒரு சிறு காளான், தன் இடத்துக்கு வேறு பூஞ்சைகள் வராதபடி ஒரு வேதிப்பொருளைச் சுரக்கிறது. ஜெர்மனியில் ஆன்கே, ஸ்டெக்லிஷ் முதலானோர் 1977-ல் அதைப் பிரித்தெடுத்தார்கள். வெயிலில் சிதைந்துவிடும் அந்தப் பொருளை நிலைக்கும்படி மாற்றி அமைத்து, 1996-ல் அசாக்சிஸ்ட்ரோபின் கடைக்கு வந்தது. பூஞ்சை மூச்சுவிடும் இயந்திரத்தின் ஒரு பல்லை அது அடைத்துவிடும். பயிர் நெடுநாள் பச்சையாக நின்றது; விளைச்சல் ஏறியது; எல்லோரும் அதையே அடித்தார்கள். 2002-ஐ ஒட்டி இங்கிலாந்துச் செப்டோரியாவில் ஒரே ஒரு மாற்றம் தென்பட்டது. மருந்து அடைக்கும் அந்தப் பல்லான புரதத்தில் 143-ஆம் இடத்திலிருந்த கிளைசின் என்ற அமினோ அமிலம் போய் அலனின் வந்திருந்தது. ஓரிடத்து மாற்றம்தான், மருந்து அங்கே உட்கார முடியவில்லை. இரண்டு மூன்று ஆண்டுக்குள் அந்த வகை நாடு முழுக்கப் பரவி, செப்டோரியாவுக்கு ஸ்ட்ரோபிலூரின் கிட்டத்தட்ட தண்ணீர் ஆகிவிட்டது. துரு நோய்களுக்கு இன்றும் வேலை செய்கிறது என்பதால் டேங்கில் அதற்கு ஓர் இடம் உண்டு.

அசோல்கள் விழுந்த விதம் வேறு. டெபுகோனசோல், எபாக்சிகோனசோல், புரோதியோகோனசோல் எல்லாம் இந்தக் குடும்பம். பூஞ்சையின் செல்சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெரால் உருவாவதை இவை தடுக்கின்றன. இங்கே செப்டோரியா ஒரே பாய்ச்சலில் தப்பவில்லை, படிப்படியாக நழுவியது. இலக்கான நொதியில் ஒரு மாற்றம், பிறகு இன்னொன்று, பிறகு அந்த நொதியையே கூடுதலாகச் சுரப்பது என்று வருடத்துக்கு வருடம் மருந்தின் பிடி தளர்ந்தது. இப்படித் தளர்வதில் ஒரு சிக்கல் உண்டு: தோற்றுப்போன நாள் என்று ஒன்று இல்லாததால், போன வருடம் கேட்டது இந்த வருடமும் கேட்கும் என்று விவசாயி நம்பிக்கொண்டே போவார். எபாக்சிகோனசோலை நல அபாயம் கருதி ஐரோப்பா 2020-ல் கைவிட்டது. அதே சமயத்தில் வந்த புதியவர் மெஃபென்ட்ரிஃப்ளுகோனசோல். மாறிப்போன நொதிக்கு ஏற்ப வளைந்து உட்காரும் வடிவம் என்பது இதற்குச் சொல்லும் பெருமை. செப்டோரியா வயலில் அசோல் தேர்வு என்றால் இப்போது பேச்சு இதைச் சுற்றியே நடக்கிறது.

மூன்றாவது குடும்பத்தை எஸ்.டி.எச்.ஐ. என்பார்கள். இதுவும் மூச்சு இயந்திரத்தைத்தான் அடிக்கும், ஆனால் வேறொரு பல்லில். விதைநேர்த்திக்குப் பயன்பட்ட கார்பாக்சின் இதன் மூத்தவர். பிக்ஸஃபென், ஃப்ளக்ஸபைராக்ஸட் போன்ற இளையவர்கள் 2010-க்குப் பிறகு கோதுமைக்கு வந்தார்கள். 2015-க்குப் பிறகு அயர்லாந்திலும் பிரிட்டனிலும் இவற்றுக்கும் அசையாத செப்டோரியா தலைகாட்டத் தொடங்கியது. பிரிட்டனில் ஒரு பயிருக்கு இந்தக் குடும்பத்தை இரண்டு முறைக்கு மேல் அடிக்கக் கூடாது, அதுவும் வேறு குடும்பத்தோடு கலந்துதான்.

2021-ல் வந்தது ஃபென்பிகாக்ஸமிட். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற நுண்ணுயிரைப் புளிக்கவைத்து அதிலிருந்து தயாரிப்பது. ஸ்ட்ரோபிலூரின் அடிக்கும் அதே புரதத்தையே, ஆனால் எதிர்ப்பக்கத்துத் துளையில் அடிக்கிறது. 143-ஆம் இடத்து மாற்றம் இங்கே பூஞ்சைக்கு உதவாது.

இனி, யாரும் பெருமை பேசாத ஒரு குடும்பம். குளோரோதலோனில், ஃபோல்பெட், மேன்கோசெப் போன்றவை பூஞ்சையை ஓரிடத்தில் அல்ல, பல இடங்களில் ஒரே நேரத்தில் அடிக்கும். அத்தனை இடத்திலும் ஒருசேர மாறிக்கொள்வது பூஞ்சைக்கு மிகக் கடினம், அதனால் பல பத்தாண்டு அடித்தும் எதிர்ப்பு பெரிதாக வரவில்லை. உள்ளே நுழையாது, இலை மேலேயே காவல் நிற்கும். நோய் உள்ளே போனபின் பயனில்லை. 1960-களிலிருந்து பழகிய, மலிவான குளோரோதலோனில்தான் இங்கிலாந்துக் கோதுமையின் முதுகெலும்பாக இருந்தது. அதன் சிதைவுப் பொருட்கள் நிலத்தடி நீரில் சேரும் கவலையால் ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2020 மே 20-க்குள் இருப்பையெல்லாம் தீர்க்கச் சொன்னார்கள். இப்போது அந்த இடத்தில் ஃபோல்பெட் நிற்கிறது, கொஞ்சம் பலம் குறைந்த மாற்றாக. தண்ணீரைக் காக்க எடுத்த முடிவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தக் காவல் போனதால் மற்ற குடும்பங்களின் ஆயுள் குறையும் என்ற கணக்கு அப்போது போதுமான அளவு பேசப்படவில்லை என்றே நினைக்கிறேன்.

அதனால் டி1-க்கும் டி2-க்கும் டேங்கில் எது போக வேண்டும் என்றால், ஒரே ஒரு பலசாலி அல்ல. செப்டோரியாவை வெவ்வேறு இடத்தில் அடிக்கும், தனித்தனியாகவும் ஓரளவு கேட்கும் இரண்டு மூன்று மருந்துகளின் கூட்டு. "தனித்தனியாகவும் கேட்கும்" என்பதுதான் கவனிக்க வேண்டியது. இரண்டு குடும்பம் இருக்கிறதே என்று, ஏற்கெனவே தோற்ற ஸ்ட்ரோபிலூரினைத் துணைக்குப் போட்டால் செப்டோரியா கணக்கில் அது துணையே அல்ல. மற்ற மருந்து தனியாகத்தான் போராடும். லேபிளில் இரண்டு பெயர் இருப்பதைப் பார்த்து ஏமாறுவது அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு.

எவ்வளவு அடிப்பது? பிரிட்டனில் விவசாயிகள் கட்டும் தீர்வையில் நடக்கும் வேளாண், தோட்டக்கலை வளர்ச்சி வாரியம் ஒவ்வொரு ஆண்டும் ஒரு நல்ல வேலை செய்கிறது. ஒவ்வொரு மருந்தையும் தனியாக, கால் அளவு, அரை அளவு, முழு அளவு, இரட்டை அளவு என்று அடித்து, நோய் எவ்வளவு குறைந்தது என்று வளைகோடு வரைந்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கிறது. கோடு முதலில் செங்குத்தாக இறங்கும், பிறகு படுத்துவிடும். முதல் கால் அளவு தருகிற பலனைக் கடைசிக் கால் அளவு தராது, விலை மட்டும் ஒன்றே. கோடு படுக்கத் தொடங்கும் இடத்தைத் தாண்டி ஊற்றுவது பயிருக்கு அல்ல, கம்பெனிக்குத்தான் லாபம். நோய் மிகுந்த மேற்குப் பகுதியில் அந்த இடம் முழு அளவை நெருங்கும். கிழக்கே வறண்ட மாவட்டத்தில் பாதியிலேயே வந்துவிடும்.

அளவைக் குறைத்தால் எதிர்ப்பு வளராதா என்று கேட்பீர்கள். மனித மருந்துப் பழக்கத்திலிருந்து வருகிற நியாயமான பயம். பயிர்ப் பூஞ்சையில் நடந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை மறுபக்கம் சாய்கின்றன. அளவு கூடக்கூட, அசையாத வகை மட்டும் மிஞ்சுவது வேகமாகிறது. எத்தனை முறை அடிக்கிறோம் என்பதும் அப்படித்தான். தேவையானதற்கு மேல் ஒரு துளியும் வேண்டாம் என்ற சிக்கனம் இங்கே பைக்கும் நல்லது, மருந்தின் ஆயுளுக்கும் நல்லது.

இதுவரை செப்டோரியாவையே பேசினோம். துரு நோய் வேறு குணம். மஞ்சள் துருவுக்கு மழைத்தெறிப்பு வேண்டாம், குளிர்ந்த இரவும் பனியும் போதும்; வித்துகள் காற்றில் நெடுந்தூரம் போகும். இதில் தமிழ்நாட்டுக்கே ஒரு பழைய பங்கு உண்டு. வட இந்தியச் சமவெளியின் கோடை வெயிலில் கோதுமைத் துரு பிழைக்காது. அப்படியானால் வருடாவருடம் எங்கிருந்து வருகிறது என்று பயிர்நோய் அறிஞர் கே.சி. மேத்தா தேடியபோது, நீலகிரி, பழனி மலைகளின் குளிரில் கோடையிலும் நிற்கும் கோதுமையில் அது தங்குவதைக் கண்டார். நவம்பர்ப் புயல்கள் அங்கிருந்து தண்டுத்துரு என்ற இன்னொரு துருவின் வித்துகளை மத்திய இந்தியாவுக்கு ஏற்றிப்போகும் பாதையை 1970-களில் எஸ். நாகராஜனும் கூட்டாளிகளும் விளக்கினார்கள். குன்னூர் அருகே வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கோதுமை நிலையம் இருப்பதற்குக் காரணமும் அதே துருதான்.

அந்த நிலையம் நம்பியிருப்பது மருந்தை அல்ல, ரகத்தை. பிரிட்டனிலும் ரகப் பட்டியலில் ஒவ்வொரு நோய்க்கும் 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுகிறார்கள். செப்டோரியாவுக்கு 7, 8 வாங்கிய ரகம் விதைத்தவருக்கு டி1-ல் அளவைக் குறைக்கவும், மழை பார்த்துச் சில நாள் பொறுக்கவும் இடமிருக்கிறது. 5 வாங்கியதை, அதுவும் செப்டம்பர் நடுவிலேயே விதைத்தவருக்கு அந்த இடம் இல்லை. முந்தி விதைத்த பயிரில் பூஞ்சைக்கு இன்னொரு சுற்றுக்கு நேரம் கிடைத்துவிடும்.

ஆனால் ரகமும் கைவிடும். 2011-ல் ஐரோப்பாவில் வாரியர் என்ற மஞ்சள் துரு வகை வந்து, அதுவரை தாங்கிய ரகங்களைச் சாய்த்தது. கூகர் என்ற ரகத்தின் வழிவந்தவை 2021-ல் செப்டோரியாவிடம் இடறின. 2025-ல் இங்கிலாந்துக்கு நூறாண்டில் காணாத வறண்ட வசந்தம் வாய்த்தது, செப்டோரியா ஒடுங்கிவிட்டது. அதே பருவத்தில் ஒய்.ஆர்.15 என்ற ஒரே மரபணுவை நம்பியிருந்த ரகங்களில் மஞ்சள் துரு புகுந்தது. அதனால்தான் பட்டியலைப் படிப்பது ஏப்ரலில் வயலுக்குப் போவதற்கு ஈடாகாது. துரு தெரிந்தால் செப்டோரியாவுக்குத் தோற்ற அதே டெபுகோனசோல் இங்கே மலிவாக வேலையை முடித்துவிடும்.

கடைசியாகக் கதிர். ஜூன் மாதத்தில் பூக்கும்போது மழை பெய்தால் ஃபியூசேரியம் கதிருக்குள் இறங்கி, டி.ஓ.என். என்ற நச்சைத் தானியத்தில் விட்டுச்செல்லும். நச்சு வரம்பு மீறிய கோதுமையை ஆலை வாங்காது. இதற்கான தெளிப்புக்குப் பூப்பையொட்டிய சில நாட்களே காலம். நேரம் சரியாக இருந்தாலும் எந்த மருந்தும் முழுக்கத் தடுக்காது; முன்பயிர் மக்காச்சோளமாக இருந்து அதன் தட்டை மேலேயே கிடந்தால் ஆபத்து இன்னும் கூடும். புரோதியோகோனசோல், டெபுகோனசோல், மெட்கோனசோல் போன்ற அசோல்கள்தான் இங்கே கைகொடுக்கும்.

இவ்வளவும் செய்தபின் வயலில் ஒரு கீற்றை மருந்தே படாமல் விட்டுவைக்கச் சொல்வேன், தெளிப்பானின் ஒரு கை அகலத்துக்கு. அறுவடை இயந்திரத்தில் விளைச்சலை அளக்கும் கருவி இருக்கிறதே, ஆகஸ்டில் அது அந்தக் கீற்றையும் பக்கத்து நிலத்தையும் பிரித்துக் காட்டிவிடும். ஈர வருடத்தில் வித்தியாசம் பல டன் வரலாம், வறண்ட வருடத்தில் மருந்துச் செலவே திரும்பாமல் போகலாம். இரண்டு விதமான வருடத்தையும் பார்த்த பிறகு, டி1-ல் எதைக் குறைக்கலாம் என்று கடைக்காரரிடம் பேசப் போகலாம்.